சண்டையே இல்லாத வீட்டில் விவாகரத்து எங்கிருந்து வந்தது?

கேள்வி: மேடம், எனக்குக் கல்யாணமாகி 13 வருடம். ஒன்பது வயதில் ஒரு மகள். குடி கிடையாது, வேறு தொடர்பு கிடையாது, ஒரு நாள் கூட கை ஓங்கியதில்லை. எங்கள் வீட்டில் சத்தமே கேட்காது, எல்லோரும் எங்களைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மகள் தூங்கியதும் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்து, அழாமல், கோபப்படாமல், 'எனக்கு விவாகரத்து வேணும்' என்றாள். இப்போது மகளோடு தனியாக இருக்கிறாள். காரணம் கேட்டால் 'எத்தனையோ தடவை சொல்லிட்டேன்' என்கிறாள். எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. முன்பெல்லாம் ஆபீஸில் நடந்ததை வந்து கொட்டுவாள், இரண்டு மூன்று வருடமாக அதுவும் இல்லை, பக்குவப்பட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இன்னமும் கட்டிலில் என் பக்கத்தில் மட்டுமே படுக்கிறேன். எங்கே தப்பு நடந்தது என்று தினமும் ராத்திரி நோட்டில் எழுதிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. சொந்தக்காரர்கள் 'விடாப்பிடியாக இரு' என்கிறார்கள், நண்பர்கள் 'நீ முந்திக்கொள், வக்கீலைப் பார்' என்கிறார்கள். அவளைத் திரும்ப அழைத்துவர முடியுமா? முடியாவிட்டால் நான் என்ன ஆவேன்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வரியை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. 'பக்குவப்பட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. நான்கு மாதமாக நோட்டில் நீங்கள் தேடிக்கொண்டிருப்பது அதற்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கெட்ட கணவராக இருந்தீர்கள் என்று கடிதத்தில் எங்கேயும் தெரியவில்லை. ஆனால் கெட்டவர்கள் யாருமே இல்லாத வீட்டிலும் கல்யாணம் முறியும், அதுதான் இதில் ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம்.

ஒரு சாதாரண சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி வேலை முடிந்து வருகிறார், பையைக் கூடக் கீழே வைக்கவில்லை, "இன்னிக்கு எங்க மேனேஜர் என்ன பண்ணார் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறார். கணவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம்" என்கிறார். வெறுப்பு ஒன்றுமில்லை, அவருக்கும் அலுப்பு. இன்னொரு நாள் போனை வைத்துவிட்டுக் கேட்கவே செய்கிறார், ஆனால் பாதியில் "நீ அப்பவே ஒரு மெயில் போட்டிருக்கணும்" என்று தீர்வு சொல்லி முடித்துவிடுகிறார். மனைவி தீர்வு கேட்டு வரவில்லை, கூட இருந்து கேட்கத்தான் ஆள் தேடி வந்தார். "சரி விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அந்த 'சரி விடுங்க' வீட்டில் யாருக்கும் சண்டையாகக் கேட்காது. ஆனால் வருடத்துக்கு எத்தனை தடவை அது விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மேனேஜர் கதை சகதோழிக்குப் போகும், அப்புறம் யாருக்குமே போகாது. அந்த அமைதியைத்தான் நீங்கள் பக்குவம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் அமைதியாக இருக்கும் வீடு நன்றாக இருப்பது போலவே தெரியும்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், புதிதாகக் கல்யாணமானவர்களைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்து, ஆறு வருடம் கழித்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். ஒருவர் இப்படிச் சின்னதாக எதையாவது சொல்லி மற்றவரைக் கூப்பிடும்போது, சேர்ந்தே இருந்த தம்பதிகள் 100க்கு 86 தடவை திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவைதான். இந்தக் கணக்கில் பணமும் இல்லை, மாமியாரும் இல்லை, கள்ளத்தொடர்பும் இல்லை, அதனால்தான் எனக்கு இது முக்கியமாகத் தோன்றுகிறது.

அவரும் ராபர்ட் லெவன்சனும் சேர்ந்து தம்பதிகளை 14 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எப்போது பார்த்தாலும் சண்டை, ஏளனம், எதிர்த்தாக்குதல் என்று இருந்தவர்கள் சீக்கிரமே பிரிந்தார்கள், சராசரியாக ஐந்தாறு வருடத்துக்குள். கொஞ்சம் தள்ளிப் பிரிந்த இன்னொரு கூட்டம் இருந்தது, சராசரியாக 16 வருடம். அவர்கள் சண்டை போடவில்லை, சிரிக்கவும் இல்லை. பேசிக்கொள்வது எல்லாம் பில் கட்டியாச்சா, யார் கூட்டிக்கொண்டு வருவது என்ற அளவில் நின்றுவிட்டது. உங்களுடைய 13 வருடத்தை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'எத்தனையோ தடவை சொல்லிட்டேன்' என்று அவர் சொல்வதும் உண்மை, உங்களுக்கு ஞாபகம் இல்லை என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? கடிதத்தில் இன்னோர் இடத்தில், அவர் குரல் உயர்ந்தால் நீங்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவீர்கள், பேச்சு வளரக் கூடாது என்பதற்காக, என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுந்து போகிறவர் கல்மனம் கொண்டவர் என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்டவர்களின் நாடியைப் பார்த்தபோது நிமிடத்துக்கு 100க்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் காதில் விழுவது மண்டையில் ஏறாது, உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிவிடும், அடங்குவதற்குக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். ஆக, அவர் சொன்னபோதெல்லாம் நீங்கள் எதிரில் இருந்தும் கேட்கும் நிலையில் இல்லை. அவர் விரட்ட, நீங்கள் ஒதுங்க, நீங்கள் ஒதுங்குவதால் அவர் இன்னும் விரட்ட, இந்தச் சுழற்சி எத்தனையோ தம்பதிகளுக்குப் பழக்கமானதுதான். ஒரு நாள் விரட்டியவர் நிறுத்திக்கொள்வார். 'அப்பாடா, வீடு அமைதியாகிவிட்டது' என்று ஒதுங்கியவர் நினைப்பார். என் அனுபவத்தில் கத்துகிற மனைவியை விட, கத்துவதை நிறுத்திவிட்ட மனைவியைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன்.

(ஒரு வார்த்தை, உங்களுக்காக இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. அடி, மிரட்டல், பயம் இருக்கும் வீட்டில் இந்தத் திரும்பிப் பார்ப்பது, புரிந்துகொள்வது எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவது.)

இப்போது நான் உங்களிடம் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அவர் அழாமல் சொன்னார் என்பது உங்களை ரொம்ப உலுக்கியிருக்கிறது, மூன்று இடத்தில் அதை எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவா வரவில்லை என்று. வந்திருக்கும். ஆனால் அன்றைக்கு இல்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால், நீங்கள் தூங்கிய பிறகு. உறவுகள் எப்படிப் பிரிகின்றன என்று ஆராய்ந்த டயேன் வான் என்ற சமூகவியலாளர் 1980களிலேயே இதைக் காட்டினார். பிரிகிறவர்களில் ஒருவர் முதலில் தனக்குள்ளேயே பிரிய ஆரம்பிக்கிறார், வெளியே சொல்லாமல். துக்கத்தையும் பயத்தையும் 'தனியாக இருந்தால் எப்படி இருக்கும்' என்ற ஒத்திகையையும் அவர் ஏற்கெனவே கடந்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். கேட்பவருக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தீர்கள், ஒரே தேதியில் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் சில விஷயங்கள் தெளிவாகும். நீங்கள் இன்றைக்கு அழுதுகொண்டு போய் நின்றால் அவருக்கு அது பழைய செய்தி. 'நான் மாறிவிடுகிறேன்' என்று இருபது வாக்குறுதி கொடுத்தால், இத்தனை நாள் முடிந்ததைத்தானே இவர் செய்யவில்லை என்று கோபம்தான் வரும். விடாப்பிடியாக இருக்கச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கும், முந்திக்கொள்ளச் சொல்லும் நண்பர்களுக்கும் உங்கள் மேல் அக்கறைதான், ஆனால் இரண்டுமே பயத்திலிருந்து வரும் யோசனை. சட்டப்படி உங்கள் நிலைமை என்ன, மகள் விஷயத்தில் உங்கள் உரிமை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அது அவசியம்தான். தெரிந்துகொள்வதும் வழக்குப் போடுவதும் வேறு வேறு. முதல் நோட்டீஸ் ஒரு பக்கத்திலிருந்து போய்விட்டால், அதுவரை கணவன் மனைவியாகப் பேசியவர்கள் அதற்கப்புறம் கட்சிக்காரர்களாகத்தான் பேசுவார்கள்.

திரும்ப அழைத்துவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, முடியும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் வெளியேறும் மனநிலையிலும் மற்றவர் காப்பாற்றும் மனநிலையிலும் இருக்கும்போது வழக்கமான தம்பதி ஆலோசனை பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் அது இரண்டு பேருக்கும் விருப்பம் இருக்கிறது என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டோஹர்ட்டி இதற்கென்றே 'டிஸெர்ன்மென்ட் கவுன்சலிங்' என்று ஒரு முறையை உருவாக்கினார். முடிவெடுப்பதற்கான ஆலோசனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் ஐந்து அமர்வுதான். கல்யாணத்தைச் சரிசெய்வது அதன் வேலையே இல்லை. இப்படியே இருப்பதா, பிரிவதா, அல்லது ஒரு ஆறு மாதம் விவாகரத்துப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முழுமனதோடு முயற்சி செய்வதா என்று தெளிவாவதற்கு மட்டும்தான். பெரும்பாலான நேரம் ஆலோசகர் இருவரிடமும் தனித்தனியாகத்தான் பேசுவார், உங்கள் பங்கு என்ன என்று உங்களையே பார்க்க வைப்பார். மனைவியிடம் 'சேர்ந்து வாழலாம் வா' என்று கேட்பதை விட, 'முடிவு எதுவானாலும் சரி, அது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள நாலைந்து தடவை மட்டும் வர முடியுமா' என்று கேட்பது அவருக்கும் சுலபம். இந்தப் பெயரில் ஆலோசனை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அனுபவமுள்ள குடும்ப ஆலோசகரிடம் 'எங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம், முடிவெடுக்க மட்டும் உதவுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இனி, 'நான் என்ன ஆவேன்'.

கஷ்டப்படுவீர்கள். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் அடிகளை வரிசைப்படுத்தினார்கள். துணையின் மரணத்துக்கு 100 மதிப்பெண், அடுத்ததாக விவாகரத்துக்கு 73, அதற்கடுத்து பிரிந்து வாழ்வதற்கு 65. சிறைக்குப் போவதற்கே 63தான். ஆகவே நான்கு மாதமாகத் தூக்கம் வரவில்லை, வேலையில் கவனம் இல்லை என்பதெல்லாம் உங்கள் பலவீனம் இல்லை. இன்னொன்று, செத்துப்போனவருக்கு அழ உலகம் உங்களுக்கு இடம் கொடுக்கும், நாலு பேர் வந்து கூட உட்காருவார்கள். உயிரோடு இருப்பவரை இழந்தவருக்கு அப்படி ஒரு சடங்கும் கிடையாது. வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வருகிறது, ஆனால் உங்களுக்காக இல்லை, அந்த வலிக்கு என்ன பெயர் வைப்பது.

கட்டிலில் உங்கள் பக்கத்தில் மட்டும் படுக்கிறீர்கள் என்றீர்கள். கல்யாண முறிவை வருடக்கணக்கில் ஆராய்ந்த ராபர்ட் வைஸ், 1970களில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: அன்பு போன பிறகும், மரியாதை போன பிறகும், ஏன் கோபம் கொதிக்கும்போதும் கூட, பற்று என்ற ஒன்று அறுபடாமல் கிடக்கிறது. குழந்தை அம்மாவைத் தேடுவது போல உடம்பு அந்த ஆளைத் தேடுகிறது. பிரிவைக் கேட்டவருக்கும் இது வரும். எனவே ராத்திரி இரண்டு மணிக்கு அவர் நினைப்பு நெஞ்சை அடைத்தால், 'இவ்வளவு தேடுகிறேனே, அப்படியென்றால் இந்தக் கல்யாணம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள், நிரந்தரமாக இப்படியே இருக்கும் என்றும் பயப்படாதீர்கள். அது தேயும், ஆனால் நேர்கோட்டில் தேயாது, நன்றாக இருந்த மூன்று வாரத்துக்குப் பிறகு திடீரென்று முதல் நாள் மாதிரி ஆகும், அப்புறம் மறுபடி விலகும்.

விவாகரத்து என்பது ஒரு கையெழுத்து இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பால் பொஹானன் என்ற மானிடவியலாளர் அதற்குள் ஆறு பிரிவுகள் இருப்பதாகச் சொன்னார்: மனதால் பிரிவது, சட்டத்தால், பணத்தால், பிள்ளை வளர்ப்பில், சுற்றத்தாரிடமிருந்து, கடைசியாகத் தனி மனிதராகத் தன்னைத் திரும்பக் கண்டுபிடிப்பது. ஆறும் ஒரே நாளில் முடிவதில்லை. உங்கள் மனைவி முதலாவதை முடித்துவிட்டார், ஆனால் பணத்தில் அவர் இனிமேல்தான் அடிபடப் போகிறார், பிரிந்த பிறகு குடும்ப வருமானம் பெண்களுக்கே அதிகமாகச் சரிகிறது என்று ஆய்வுக்கு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆண்களுக்கு அடி விழுவது வேறு இடத்தில். நண்பர்கள், உறவுகள், டாக்டரிடம் போவது, நல்லது கெட்டதை ஞாபகம் வைப்பது என்று பல ஆண்களுக்கு வெளி உலகத்தோடு இருந்த கயிறே மனைவி கையில்தான் இருந்திருக்கும், அவர் போனதும் ஆள் தனித்தீவாகிவிடுகிறார். குடி ஆரம்பிப்பதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதும் பிரிந்த ஆண்களிடம் அதிகம். நேராகவே கேட்கிறேன்: உங்களுக்கு அப்படி எண்ணம் வந்ததா? கடிதத்தில் 'எதுக்கு இருக்கணும்னு தோணுது' என்று ஒரு வரி இருந்தது. அது பேச்சுக்கு எழுதியதாக இருந்தாலும் சரி, இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள், இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இது.

அந்த நோட்டை மூடி வைத்துவிடுங்கள். மனதில் இருப்பதைக் கொட்டி எழுதினால் பாரம் குறையும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் டேவிட் ஸ்பாரா குழுவினர் புதிதாகப் பிரிந்தவர்களை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே 'ஏன் ஏன்' என்று தோண்டிக்கொண்டே இருப்பவர்கள் உணர்ச்சிகளைக் கொட்டி எழுதியபோது மாதங்கள் கழித்தும் அதிக வேதனையில் இருந்தார்கள். அன்றாடம் என்ன செய்தோம் என்று உணர்ச்சி கலக்காமல் வெறுமனே எழுதியவர்கள் தேறிவிட்டார்கள். ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன், எங்கே போனேன், யாரோடு பேசினேன் என்று எழுதுங்கள். 'எங்கே தப்பு நடந்தது' என்பதை ஆலோசகர் முன்னால், ஒரு மணி நேரக் கணக்கில் மட்டும் பேசுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பால் அமட்டோ என்ற சமூகவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் ஒன்றைக் கண்டறிந்தார்கள்: பெற்றோர் கடுமையாக மோதிக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரிவு பல நேரம் நிம்மதியாக முடிகிறது, அமைதியாக இருந்த வீட்டில் பிரிவு வந்தால்தான் பிள்ளைகள் அதிகம் நொறுங்குகிறார்கள். காரணம் யோசித்தால் புரியும், அந்தப் பிள்ளைக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. சண்டையைப் பார்த்திருந்தால் அதன் மேல் பழி போடும். எதையும் பார்க்காத ஒன்பது வயது, 'நான் அன்றைக்கு அடம் பிடித்தேனே, அதனாலா' என்று தன்னைத்தான் தேடும். அதனால் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அவள் காரணம் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒரு தடவை போதாது. 'அம்மாகிட்ட இதைச் சொல்லு' என்று அவளைத் தூது அனுப்பாதீர்கள். 'அம்மா என்ன பண்றா' என்று உளவும் கேட்காதீர்கள். பயப்படவும் வேண்டாம்: இத்தகைய குடும்பங்களைப் பல வருடம் பின்தொடர்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் 100க்கு 75 முதல் 80 பேர் பெரிய பாதிப்பு இல்லாமல் வளர்ந்தார்கள் என்று காட்டினார். அது பிரிவுக்குப் பிறகு பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பொறுத்தது, அது உங்கள் கையில் இருக்கிறது.

இந்த வாரம் மகள் உங்களிடம் வருவாள் அல்லவா. அவள் பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பாள், அதற்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'அப்புறம்?' என்று மட்டும் கேளுங்கள். யோசனை சொல்லாதீர்கள். அவள் முடிக்கும் வரை இருங்கள்.

மனைவிக்கும் நீளமாக எதுவும் அனுப்ப வேண்டாம். இவ்வளவு போதும்: 'எத்தனையோ தடவை சொன்னேன் என்று சொன்னாய். நான் கேட்கவில்லை. இப்போது கேட்க விரும்புகிறேன், உன் முடிவை மாற்றுவதற்காக இல்லை. உனக்குச் சரி என்று படும் நாளில், மூன்றாவது ஆள் ஒருவர் முன்னால் சொல்ல முடியுமா?' அனுப்பிவிட்டு போனைத் தள்ளி வையுங்கள். அவர் பதில் சொல்ல ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும், இரண்டாவது மெசேஜ் அனுப்பாதீர்கள்.